தேனீயிடம் கணக்குக் கற்ற குமரப்பா!

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூர் விழித்துக்கொள்ளும்.

டீக்கடையில் பாய்லர் கொதிக்கும். ஜீப்புகள் வரிசையாக நிற்கும். தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு பெண்கள் வந்து ஏறுவார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், பார்க்கிற நமக்கு மூச்சு முட்டும்!

கம்பத்திலும் இதே காட்சிதான். கூடலூரிலும் இதே காட்சிதான்.

ஜீப் மலை ஏறும். போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி. அதற்கு அந்தப் பக்கம் கேரளம். அங்கே ஏலத் தோட்டங்கள்.

ஏலச்செடி எங்கே பூக்கும் தெரியுமா? உச்சியில் பூக்காது. அடியில், மண்ணை ஒட்டிச் சரம் சரமாகப் பூக்கும். அந்தப் பூவைத் தேடித் தேனீ வரும். தேனை எடுக்கும். எடுக்கும்போதே ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் சேர்த்துவிடும். தேனீ வராவிட்டால் காய் சரியாகப் பிடிக்காது. தோட்டத்தில் வேலை செய்கிற எவரும் இதைச் சொல்வார்கள்.

தேனீ எடுக்கிறது. எடுத்த இடத்துக்குக் கொடுக்கவும் செய்கிறது.

இதைப் பார்த்து, "மனிதனும் இப்படித்தான் பிழைக்க வேண்டும்" என்று பொருளாதாரம் எழுதினார் ஒருவர். அவர் அதை எழுதியது பூந்தோட்டத்தில் அல்ல. ஜெயிலுக்குள்!

அவர் பெயர் ஜே. சி. குமரப்பா.

அவர் நமக்கு அந்நியர் அல்ல. கடைசிக் காலத்தில் பக்கத்து ஊர்க்காரராகவே இருந்தார். தேனியிலிருந்து உசிலம்பட்டி, பேரையூர் வழியாகப் போனால் டி. கல்லுப்பட்டி வரும். அங்கே உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் அவர் வாழ்ந்தார். அப்போது தேனி தனி மாவட்டம் அல்ல. கம்பம் பள்ளத்தாக்கும் கல்லுப்பட்டியும் ஒரே மதுரை ஜில்லாவில் இருந்தன. தேனி தனி மாவட்டம் ஆனது 1996ம் ஆண்டில்தான்.

அப்படி இருந்தும், அவர் பெயரைக் கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம்.

இரண்டு கணக்கர்கள்

ஏழைக்கு நிலம் வேண்டும். உழைப்பவனுக்கு நியாயமான பங்கு வேண்டும். ஆனால் அதற்காக ரத்தம் சிந்தக் கூடாது.

இது நடக்கிற காரியமா? குமரப்பாவின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே ஓடியது.

கேள்வி பழையது. அவருக்கு முன்பே ஜெர்மனி தேசத்தில் ஒருவர் இதைக் கேட்டார். அவர் பெயர் எடுவர்ட் பெர்ன்ஸ்டைன். 1850ல் பிறந்தவர். ரெயில் என்ஜின் டிரைவரின் மகன். பாங்கியில் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர்.

"முதலாளி ஆட்சி ஒருநாள் தானாக இடிந்து விழும். அன்று புரட்சி வெடிக்கும். பிறகு சமதர்மம் வரும்." இப்படி நம்பிக் காத்திருந்தார்கள் பெர்ன்ஸ்டைனின் தோழர்கள்.

அவர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். கணக்கு வேறு மாதிரி இருந்தது. சின்னக் கடைக்காரர்கள் மறைந்துவிடவில்லை. நடுத்தரக் குடும்பங்கள் குறையவில்லை. முதலாளி ஆட்சி இடிந்து விழுகிற அறிகுறியும் இல்லை.

"அப்படியானால் ஏன் காத்திருக்க வேண்டும்? ஓட்டு இருக்கிறது. தொழிற்சங்கம் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. படிப்படியாகச் சமதர்மத்தை இன்றைக்கே கொண்டுவரலாமே!" என்று 1899ல் புத்தகம் எழுதினார். தோழர்கள் கொதித்தார்கள். "திருத்தல்வாதி" என்று ஏசினார்கள்.

நம் குமரப்பா பெர்ன்ஸ்டைனின் சீடர் அல்ல. சோஷலிஸ்டுக் கட்சி எதிலும் சேர்ந்தவரும் அல்ல. அவருடைய குரு காந்தியடிகள். ஆனாலும் இரண்டு பேரும் போக நினைத்த ஊர் ஒன்று, பாதைதான் வேறு. இரண்டு பேரும் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் என்பது ஒரு வேடிக்கை. கணக்கு எழுதுகிறவனுக்குக் கோபம் வந்தால் அவன் கத்தியை எடுப்பதில்லை. பேரேட்டை எடுக்கிறான் போலிருக்கிறது!

தஞ்சாவூர்ப் பிள்ளை

குமரப்பா 1892ம் ஆண்டு ஜனவரி 4ந் தேதி தஞ்சாவூரில் பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பம். ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பது இளமைப் பெயர். தகப்பனார் மராமத்து இலாகாவில் உத்தியோகம் பார்த்தார்.

செல்லத்துரை லண்டனுக்குப் போய்க் கணக்குத் தணிக்கை படித்தார். திரும்பி வந்து பம்பாயில் தொழில் நடத்தினார். கோட்டு, சூட்டு, கைநிறையக் காசு. வெள்ளைக்கார ஆட்சியில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

1927ல் அமெரிக்காவுக்குப் போனார். சிரக்யூஸ் சர்வகலாசாலையிலும், பிறகு நியூயார்க்கில் உள்ள கொலம்பியா சர்வகலாசாலையிலும் படித்தார்.

அங்கே ஒரு மாதா கோவிலில் பேச அழைத்தார்கள். "இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது?" என்பது பொருள். பேச்சு பத்திரிகையில் வந்தது. அவருடைய பேராசிரியர் செலிக்மன் கண்ணில் அது பட்டது. வரிவிதிப்புக் கலையில் உலகப் புகழ் பெற்றவர் அவர். "இதையே ஆராய்ச்சி செய்து எழுது" என்றார்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் செல்லத்துரைக்குக் கண் திறந்தது.

வெள்ளைக்கார சர்க்காரின் வரவு செலவுக் கணக்கை அவர் வரிவரியாகப் படித்தார். குடியானவனிடம் வாங்குகிற வரி எங்கே போகிறது? ராணுவத்துக்குப் போகிறது. உத்தியோகஸ்தர் சம்பளத்துக்குப் போகிறது. கடனுக்கு வட்டியாகச் சீமைக்குப் போகிறது. குடியானவனுக்குத் திரும்பி வருவது எவ்வளவு? மிகச் சொற்பம்!

பூவில் தேனை எடுத்துக்கொண்டு, பூவையே கசக்கிப் போடுகிற கதை.

1929ல் தாய்நாடு திரும்பினார். குடும்பத்தின் பழைய தமிழ்ப் பெயரான குமரப்பாவைச் சூட்டிக்கொண்டார்.

மரத்தடியில் ஒரு கிழவர்

எழுதிய ஆராய்ச்சியை அச்சிட வேண்டும். காந்தியடிகளிடம் காட்டினால் என்ன என்று தோன்றியது. சபர்மதி ஆசிரமத்துக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது. 1929 மே 9ந் தேதி. பகல் இரண்டரை மணிக்குச் சந்திப்பு.

குமரப்பா பட்டுக் கால்சட்டையும் கோட்டுமாகப் போய் இறங்கினார்.

சாணி மெழுகிய தரை. ஒரு மரம். மரத்தடியில் ஒரு கிழவர் உட்கார்ந்து ராட்டையில் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். ராட்டையைக் குமரப்பா அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டரை மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. கைத்தடியை ஊன்றி நின்றபடியே வேடிக்கை பார்த்தார்.

ஐந்து நிமிஷம் ஆனதும் கிழவர் இடுப்புக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"நீங்கள்தான் குமரப்பாவா?"

குமரப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்கள்தான் காந்தியா?" என்று கேட்டார்.

கிழவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். கால்சட்டையின் மடிப்புக் கலைகிறதே என்று பார்க்காமல் குமரப்பா சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டார்!

பின்னாளில் இந்தக் கதையை அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஆராய்ச்சிக் கட்டுரை காந்தியடிகளின் "யங் இந்தியா" பத்திரிகையில் தொடர்ந்து வெளிவந்தது. அதோடு காந்தியடிகள் விடவில்லை. "குஜராத்தில் மாத்தர் தாலுகா இருக்கிறது. அங்கே ஊர் ஊராகப் போய்க் குடியானவர்களின் வரவு செலவைக் கணக்கெடுங்கள்" என்று அனுப்பிவிட்டார். பல்கலைக்கழகத்தில் படித்த பொருளாதாரம் ஒரு பக்கம். ஐம்பதுக்கு மேற்பட்ட கிராமங்களில் வீடு வீடாகக் கேட்ட பொருளாதாரம் ஒரு பக்கம். இரண்டாவதுதான் குமரப்பாவின் உண்மையான கல்லூரி.

கோட்டு போயிற்று. கதர் வந்தது. பிறகு பத்திரிகை ஆசிரியர் வேலை, சிறைவாசம் எல்லாம் அடுத்தடுத்து வந்தன.

காந்திக்கும் சலுகை இல்லை!

1934ம் ஆண்டு ஜனவரியில் பீகாரைப் பூகம்பம் உலுக்கியது. ஆயிரக்கணக்கான பேர் மாண்டார்கள். நிவாரண நிதி குவிந்தது. நிதிக்குக் கணக்குப் பார்க்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது.

காந்தியடிகள் தம் பரிவாரத்தோடு பீகாருக்கு வந்தார். அவர்கள் சாப்பாட்டுக்கும் மோட்டாருக்கும் யார் செலவு செய்வது?

"இது நிவாரண நிதி. பூகம்பத்தில் வீடிழந்தவனுக்குச் சேர வேண்டிய காசு. உங்கள் செலவுக்கு வேறு வழி பாருங்கள்" என்று சொல்லிவிட்டார் குமரப்பா.

காந்தியடிகளுக்குக் கோபம் வரவில்லை. அதே ஆண்டு கடைசியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஆரம்பித்தபோது குமரப்பாவையே காரியதரிசி ஆக்கினார்!

சங்கத்தின் தலைமை இடம் வார்தாவில் உள்ள மகன்வாடி. அங்கே என்ன செய்தார்கள்? கைக்குத்தல் அரிசி. செக்கு எண்ணெய். பனைவெல்லம். கைக்காகிதம். மண்ணெண்ணெய் இல்லாமல் தாவர எண்ணெயில் எரிகிற விளக்கு. தேனீ வளர்ப்பும் உண்டு!

இன்றைக்குப் பட்டணத்துக் கடைகளில் செக்கு எண்ணெயும் கைக்குத்தல் அரிசியும் அழகான டப்பாவில், இரட்டிப்பு விலையில் விற்கின்றன. அந்த மனிதர் இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பாரா, அழுதிருப்பாரா தெரியவில்லை.

புல்லுருவி, குரங்கு, தேனீ, தாய்ப்பறவை

1942ல் "வெள்ளையனே வெளியேறு" போராட்டம் நடந்தது. அதை அடுத்துக் குமரப்பா மீண்டும் சிறை சென்றார். ஜபல்பூர் சிறையில் இரண்டு புத்தகங்களை எழுதினார். ஒன்று இயேசுநாதரின் உபதேசம் பற்றியது. இன்னொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டுக்கும் காந்தியடிகள் முன்னுரை கொடுத்தார். "கிராமக் கைத்தொழில் டாக்டர்" என்று குமரப்பாவுக்கு ஒரு பட்டமும் சூட்டினார். எந்தச் சர்வகலாசாலையும் கொடுக்காத பட்டம் அது!

நிலைத்த பொருளாதாரம் என்றால் என்ன? பயந்துவிடாதீர்கள். நம் ஊர்த் தோப்பைச் சுற்றி வந்தாலே புரியும்.

வேப்ப மரத்தில் புல்லுருவி படர்ந்திருக்கும். மரத்தின் சாற்றையே உறிஞ்சி வளரும். கடைசியில் மரம் பட்டுப்போகும். சில மனிதர்களின் பிழைப்பு இப்படி. தான் வாழ, தன்னைத் தாங்குகிறவனைச் சாகடிப்பது.

சுருளி அருவிப் பக்கம் போனால் குரங்குகளைப் பார்க்கலாம். குரங்கு மாந்தோப்பில் புகுந்தால் என்ன செய்யும்? பழத்தைப் பறிக்கும். பாதியைத் தின்னும். மீதியை எறியும். அது மரம் நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. மரத்தைக் கொல்லாது, ஆனால் ஒன்றும் கொடுக்கவும் கொடுக்காது. சிலர் பிழைப்பு இப்படி.

பூவுக்குப் பூ பறக்கும் தேனீ மூன்றாவது வகை. அது தன் லாபத்துக்குத்தான் வருகிறது. ஆனால் கூலி கொடுத்துவிட்டுப் போகிறது. தன் நிலத்தை உழுது உரம் போடுகிற குடியானவனையும், நல்ல தொழிலாளியையும் குமரப்பா இந்த வகையில் வைத்தார்.

அதே தேனீயைக் கூட்டுக்குள் பாருங்கள். அங்கே "என் தேன், உன் தேன்" என்பது கிடையாது. கூட்டுக்காக எல்லாம் உழைக்கின்றன. இது நான்காவது.

குஞ்சுக்கு இரை ஊட்டுகிற தாய்ப்பறவை ஐந்தாவது வகை. "நாளைக்கு இந்தக் குஞ்சு எனக்கு என்ன தரும்?" என்று அது கணக்குப் பார்ப்பதில்லை.

மனித சமுதாயம் புல்லுருவியிலிருந்து தாய்ப்பறவை வரைக்கும் ஏற வேண்டும் என்பது குமரப்பாவின் எண்ணம். ஒரே பாய்ச்சலில் அல்ல. படிப்படியாக.

இன்னொன்றும் சொன்னார். ஓடுகிற தண்ணீர் வேறு, தொட்டித் தண்ணீர் வேறு. காடு வளர வளர விறகு எடுக்கலாம். அது ஓடுகிற தண்ணீர். நிலக்கரியும் பெட்ரோலும் தொட்டித் தண்ணீர். எடுக்க எடுக்கக் குறையும். குறைகிற பொருளுக்குத்தான் தேசங்கள் அடித்துக்கொள்கின்றன. அதை நம்பி வாழ்கிற நாகரிகத்தில் சண்டை ஓயாது என்றார். 1945ல் வந்த புத்தகம் இது. அதற்குப் பிறகு எண்ணெய்க்காக நடந்த யுத்தங்களை நாம் எண்ணிக்கொள்ளலாம்.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இது எளிதில் புரியும். 1895ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஓடிய தண்ணீர், மலையைக் குடைந்த வழியாக இங்கே வந்தது. மழை பெய்கிற வரையில் வருகிற தண்ணீர் அது. ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் அப்படியா?

சோஷலிஸ்டுகளோடு என்ன தகராறு?

நேருஜியும் சோஷலிஸ்டுத் தலைவர்களும் ஒரு வழி சொன்னார்கள். பெரிய பெரிய தொழிற்சாலை வேண்டும். அது முதலாளியின் கையில் இருந்தால் தப்பு. சர்க்காரின் கையில் இருந்தால் சரி.

குமரப்பா தலையை ஆட்டினார்.

"முதலாளி உட்கார்ந்த நாற்காலியில் அதிகாரி உட்கார்ந்தால் கீழே நிற்கிறவனுக்கு என்ன மாறும்?" என்பது அவர் வாதத்தின் சாரம். ஆயிரம் பேர் வேலையை ஓரிடத்தில் குவித்தால், அதிகாரமும் ஓரிடத்தில் குவியும். குவிந்த அதிகாரம் யார் கையில் இருந்தாலும் ஆபத்து. ரெயில், மின்சாரம் மாதிரி பெரிதாகத்தான் நடத்த முடியும் என்கிற காரியங்களை சர்க்கார் நடத்தட்டும். அரிசி குத்தவும், எண்ணெய் ஆட்டவும், துணி நெய்யவும் ஊரே போதும் என்றார்.

டிராக்டரையும் அவர் விடவில்லை. "டிராக்டர் நன்றாக உழும். ஆனால் சாணி போடுமா?" என்று அவர் கேட்டதாக இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லி வந்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு யோசித்தார்கள்.

டில்லியில் நடந்ததாக ஒரு கதை உண்டு. சில ரஸ்தாக்களில் மாட்டு வண்டி போகக் கூடாது என்று உத்தரவு இருந்தது. குமரப்பா நேருஜியிடம் சண்டைக்குப் போனார். "ராணுவ லாரிகள் வேகமாக வருகின்றன. வண்டிக்காரர்களின் நன்மைக்காகத்தான் தடுத்திருக்கிறோம்" என்றார் நேருஜி. "இது ஜனநாயகம் அல்லவா? வண்டிக்காரர்கள்தானே அதிகம்? ஆபத்தை உண்டாக்குகிற லாரியை அல்லவா தடுக்க வேண்டும்!" என்றாராம் குமரப்பா.

இந்த இடத்தில் நானும் குமரப்பாவோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

ஊருக்கு வேண்டிய தானியம், பருப்பு, பருத்தியை முதலில் பயிரிட வேண்டும். விற்பனைப் பயிர் பிறகுதான் என்பது அவர் திட்டம். லட்சம் பேருக்கு எந்தப் பயிர் எத்தனை ஏக்கர் என்று பட்டியலே போட்டார். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை கொடி கொடியாகத் தொங்குகிறது. ஆண்டு முழுவதும் அறுவடை. 2023ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அதில்தான் பிள்ளையைப் படிக்க வைக்கிறார். "திராட்சையைப் பிடுங்கிவிட்டுச் சோளம் போடு" என்று அவரிடம் யார் சொல்வது? குமரப்பாவின் பட்டியலில் இதற்குப் பதில் இல்லை. விலை விழுந்து, பழம் கொடியிலேயே வாடுகிற நாளில் மட்டும் அந்தப் பட்டியல் ஞாபகத்துக்கு வருகிறது.

நிலம் யாருக்கு?

இனிமேல்தான் முக்கியமான கதை.

சுதந்திரம் வந்ததும் காங்கிரஸ் மகாசபை ஒரு கமிட்டியை அமைத்தது. நிலச் சீர்திருத்தம் பற்றி யோசனை சொல்ல வேண்டும். கமிட்டியின் தலைவர் குமரப்பா. தேசம் முழுவதும் விசாரித்து 1949ல் அறிக்கை கொடுத்தார்கள்.

அந்த அறிக்கை சாது மனிதர் எழுதியது மாதிரி இல்லை!

உழுகிறவனுக்கும் சர்க்காருக்கும் நடுவில் எவனும் இருக்கக் கூடாது. ஆறு ஆண்டு விடாமல் ஒரு நிலத்தை உழுத குத்தகைக்காரனுக்கு அந்த நிலத்தில் முழு உரிமை. குத்தகைக்கு விடுவதே கூடாது. விதவை, சிறு பிள்ளை, உடல் ஊனமுற்றவர் ஆகியோருக்கு மட்டும் விலக்கு.

"நானே பயிர் செய்கிறேன்" என்று சொந்தக்காரர் சொன்னால்? அதற்கும் பதில் எழுதி வைத்தார்கள். மேற்பார்வை பார்ப்பது விவசாயம் ஆகாது. உடம்பால் கொஞ்சமாவது உழைக்க வேண்டும். வரப்பில் குடை பிடித்து நிற்பவர் குடியானவர் அல்ல!

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு நிலம் போதும் என்பதற்கும் அளவு சொன்னார்கள். குடும்பத்துக்கும் ஒரு ஜோடி மாட்டுக்கும் முழு வேலை கிடைக்க வேண்டும். சுமாராக வாழ வருமானம் வர வேண்டும். அது ஒரு பங்கு. அதைப் போல் மூன்று பங்குக்கு மேல் யாருக்கும் நிலம் கூடாது. மிகச் சிறிய துண்டு நிலக்காரர்கள் கூட்டுறவாகப் பயிர் செய்யட்டும்.

துப்பாக்கி இல்லை. அரிவாள் இல்லை. சட்டம் மட்டும். ஆனால் பல் உள்ள சட்டம்.

நடந்தது என்ன?

நம் பள்ளத்தாக்கையே பாருங்கள். போடிநாயக்கனூர் ஜமீன், கண்டமனூர் ஜமீன் என்று பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். 1948ம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டம் ஜமீன் முறையை ஒழித்தது. அது பெரிய காரியம்தான். வரி வாங்குகிற ஜமீன் போனது. ஆனால் நிலம் இல்லாத கூலிக்காரனுக்கு அந்தச் சட்டத்தால் ஒரு குழி நிலமும் வரவில்லை.

நில உச்சவரம்புச் சட்டம் எப்போது வந்தது? 1961ல்!

கமிட்டி சொன்னது 1949. சட்டம் வந்தது 1961. இடையில் பன்னிரண்டு ஆண்டு. "சட்டம் வருது, சட்டம் வருது" என்று பன்னிரண்டு ஆண்டு தண்டோரா போட்டால் நிலம் வைத்திருப்பவர் சும்மா இருப்பாரா? மகன் பெயரில், மருமகன் பெயரில், மைத்துனன் பெயரில் பத்திரம் பதிந்தார்கள். சிலர் வீட்டில் பண்ணையாள் பெயரிலும் நிலம் இருந்தது. அது அந்தப் பண்ணையாளுக்கே தெரியாது!

ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று சட்டம் வரம்பு கட்டியது. தர ஏக்கர் என்றால் நல்ல நஞ்சை குறைவாகவும், வறண்ட புஞ்சை அதிகமாகவும் கணக்காகும். 1970ல் வரம்பை 15 தர ஏக்கராகக் குறைத்தார்கள். பத்திரமெல்லாம் பிரிந்து முடிந்த பிறகு!

அந்தச் சட்டத்தில் அறக்கட்டளை நிலங்களுக்குச் சலுகை இருந்தது. தேயிலை, காப்பி முதலிய மலைத் தோட்டங்களுக்கும் விலக்கு இருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கதை வேறு மாதிரி ஆரம்பித்தது. 1957ல் ஓட்டுப் பெட்டி வழியாகவே கம்யூனிஸ்டு மந்திரிசபை வந்தது. ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் முதல் மந்திரி. பெர்ன்ஸ்டைன் இருந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார்! நிலச் சட்டத்தில் கை வைத்தார்கள். 1959ல் மந்திரிசபையே கலைக்கப்பட்டது. பிறகு 1963ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது; 1969ல் கூர்மையாயிற்று. குத்தகை முறை ஒழிந்தது. லட்சக்கணக்கான குடியானவர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார்கள்.

ஆனால் அங்கேயும் தோட்டங்களுக்கு விலக்கு!

விடியற்காலை ஜீப்பில் ஏறுகிற நம் ஊர்ப் பெண்ணை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். மலைக்கு இந்தப் பக்கச் சட்டமும் அவள் வேலை செய்கிற மாதிரி நிலத்தைத் தொடவில்லை. அந்தப் பக்கச் சட்டமும் தொடவில்லை. ஏலக்காய் போடிக்கு வந்து ஏலம் போகிறது. மணம் நாலு திசைக்கும் போகிறது. அவள் கைக்கு அன்றன்றைய கூலி வருகிறது.

வரப்பில் குடை பிடிப்பவர் குடியானவர் அல்ல என்று எழுதிய கை, இவளை என்ன பெயரால் அழைத்திருக்கும்?

சீனா, ருஷ்யா, கல்லுப்பட்டி

குமரப்பா 1951ல் சீனாவுக்குப் போனார். 1952ல் ருஷ்யாவுக்குப் போனார். நிலம் ஏழைக்குப் போய்ச் சேர்ந்ததைக் கண்டார். பாராட்டி எழுதினார். உடனே இங்கே சிலர், "குமரப்பா சிவப்பாகிவிட்டார்!" என்று முணுமுணுத்தார்கள்.

அவர் கண் மூடிப் பாராட்டவில்லை. ரத்தம் சிந்திப் பெற்றதை அவர் மனசு ஏற்கவில்லை. ஆனால் காந்தியின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஏழைக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பதை அதைவிட மோசமாகக் கருதினார். அதைக் காங்கிரஸ் நண்பர்களின் முகத்துக்கு நேராகவே சொன்னார். சட்டசபை நாற்காலியோ மந்திரி பதவியோ அவரைத் தேடி வராததில் ஆச்சரியம் இல்லை.

ரத்தக்கொதிப்பு அவரை விடாமல் வாட்டியது. 1950களின் நடுவில் டி. கல்லுப்பட்டிக்கு வந்து சேர்ந்தார். 1940ல் கோ. வேங்கடாசலபதி தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் அவருக்கு இடம் கொடுத்தது. கரிசல் காடு. வெயில் கொளுத்தும் ஊர். லண்டனும் நியூயார்க்கும் பார்த்த மனிதருக்கு ஒரு சின்னக் குடில்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளை குட்டி இல்லை. சேர்த்து வைத்த சொத்தும் இல்லை.

1960ம் ஆண்டு ஜனவரி 30ந் தேதி சென்னையில் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 68. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் காந்தியடிகள் மறைந்த அதே தேதி! நில உச்சவரம்புச் சட்டம் வருவதற்கு ஓர் ஆண்டு பாக்கி இருந்தது.

கல்லுப்பட்டிக் குடிலில் அவர் காந்தியடிகளின் படத்தோடு இன்னொரு படமும் வைத்திருந்தார். ஓர் ஏழைக் குடியானவனின் படம். பார்க்க வந்தவர்கள், "இது யார்?" என்று கேட்பார்கள்.

காந்தியடிகளின் படத்தைக் காட்டி, "இவர் என் எஜமானர்" என்பார் குமரப்பா.

பிறகு குடியானவனின் படத்தைக் காட்டுவார்.

"இவர் என் எஜமானருக்கு எஜமானர்!"